விற்கும் வீட்டில் எவ்வளவு சாமான் இருக்கலாம்?

கோவை வடவள்ளியில் இருக்கும் அம்மா வீட்டை விற்பதற்கு வைத்தபோது எங்களுக்கு வந்த முதல் விலை, முன்கூடத்தில் தொங்கிய ஊஞ்சலுக்குத்தான் வந்தது. பீளமேட்டில் இருந்து குடும்பத்தோடு வந்தவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வீட்டைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம். இந்த ஊஞ்சலைத் தனியாகக் கொடுப்பீர்களா?" என்று கேட்டார். பதினைந்தாயிரம் வரை தருவதாகவும் சொன்னார். ஊஞ்சல் எங்களுடையதே அல்ல. மூலையில் நின்ற பித்தளை அண்டா, சாப்பாட்டு மேசைமேல் கிண்ணத்தில் கிடந்த பிளாஸ்டிக் எலுமிச்சம்பழங்கள் ஆகியவற்றைப் போல அதுவும் வாடகைக்கு வந்தது.

அந்த அலங்காரம் இருந்த ஆறு வாரத்தில் பதினொரு குடும்பங்கள் வந்து போயின. ஒருவர்கூட மருதமலையைப் பற்றிப் பேசவில்லை. கூடத்தின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை முழுதாகத் தெரியும். 1994-இல் அந்த வீட்டைக் கட்டும்போது அப்பா மேஸ்திரியோடு சண்டை போட்டு அந்த ஜன்னலை ஓர் அடி அகலமாக்கினார். அலங்கரிக்க வந்தவர்களோ, வெயில் விழுந்தால் புகைப்படம் கெடுகிறது என்று சொல்லி அதன்மேல் கனமான திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இப்போது அக்கா திருப்பூரில் தன் அடுக்குமாடி வீட்டை விற்கப் போகிறாள். மறுபடியும் அதே கேள்வி வந்திருக்கிறது. குடியிருக்கும் சாமான்களோடு அப்படியே காட்டுவதா, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காலியாகக் காட்டுவதா, வாடகைச் சாமான் இறக்கி முழுதாக அலங்கரிப்பதா, காலி வீட்டில் மூன்று நாலு பொருளை மட்டும் வைப்பதா? வடவள்ளி வீட்டில் மாசியில் இருந்து ஆனிக்குள் இந்த நாலையும் நான் செய்து பார்த்துவிட்டேன். விரும்பிச் செய்ததல்ல, ஒன்று பலிக்காமல் அடுத்ததற்குப் போனோம். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஏன் பலிக்கிறது

விற்கப் போகும் வீட்டை நாடக மேடை போல அமைத்துக் காட்டும் பழக்கம் அமெரிக்காவில் 1970களில் தொடங்கியது. சியாட்டில் பகுதியைச் சேர்ந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்பவர் அதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர். விற்பவரின் சொந்தச் சாமானை விலக்கிவிட்டு, பார்க்க வருகிறவர் தன்னை அந்த அறையில் குடிவைத்துப் பார்க்கும்படி அமைப்பதுதான் கருத்து. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஊர் அலங்காரக் கட்டிலில் விரிந்திருக்கும் விரிப்பும் மேசைத் துணியும் கரூரில் தைத்து அனுப்பியவையாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. துணி இங்கிருந்து போனது, பழக்கம் அங்கிருந்து வந்திருக்கிறது.

அங்கே வாங்குகிறவர் வீட்டை மனத்துக்குப் பிடித்து விலை சொன்ன பிறகு, கூரை, குழாய், மின்கம்பி, அடித்தளம் எல்லாவற்றையும் சோதிக்கத் தனியாக ஒரு பரிசோதகரை அமர்த்துவது வழக்கம். பிடித்திருக்கிறதா என்று கண் பார்த்துக்கொள்ளும், பழுது இருக்கிறதா என்று பரிசோதகர் பார்த்துக்கொள்வார். இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிப்பதில்லை. அப்படியிருந்தும் அலங்காரம் விலையைக் கூட்டுகிறதா என்பது அங்கேயே உறுதியாகவில்லை. 2015-இல் லேன், சைலர், சைலர் என்று மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீட்டைச் சுவர் நிறத்தையும் சாமானையும் மாற்றி மாற்றிக் கணினியில் காட்டினார்கள். நல்ல சாமான் போட்ட வீடு குடியிருக்க ஏற்றது என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. ஆனால் அதற்காக அவர்கள் கொடுக்க முன்வந்த விலையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

நம் பக்கத்தில் வீடு பார்ப்பது மூன்று தடவையாக நடக்கிறது. முதல் தடவை குடும்பத் தலைவர் மட்டும், வேலை முடிந்து போகிற வழியில், தரகரோடு வருவார். தெருவின் அகலம், வாசல் பார்த்த திசை, கார் நுழையுமா என்பதோடு முடிந்துவிடும். இரண்டாவது தடவை ஞாயிற்றுக்கிழமை குடும்பமே வரும். பிள்ளைகள் மாடிக்கு ஓடுவார்கள், பெண்கள் சமையல்கட்டில் நின்று அலமாரியைத் திறந்து மூடுவார்கள். மூன்றாவது தடவைதான் பெரியவர் வருவார். அப்புச்சியோ பெரியப்பாவோ, கூடவே தெரிந்த மேஸ்திரி ஒருவர். சில வீடுகளில் மனையடி பார்க்கிறவரும் வருவார். அதே வாரத்தில் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வரைபட அனுமதியும் நகலாகி வழக்கறிஞர் மேசைக்குப் போயிருக்கும்.

விலை பேசுவது மூன்றாவது வருகைக்குப் பிறகு. அலங்காரம் வேலை செய்வது முதல் வருகையிலும், மிஞ்சினால் இரண்டாவதில் பாதியிலும். பெரியவரும் மேஸ்திரியும் உள்ளே நுழையும்போது அது அவர்களுடைய வழியில் நிற்கிற சாமான்.

முழு அலங்காரம்: எங்கள் ஆறு வாரம்

அக்காதான் இதை ஏற்பாடு செய்தாள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து சீக்கிரம் விற்றிருந்தார். வாடகை, வண்டி, ஏற்றி இறக்கும் கூலி, மறுபடி எடுத்துப் போகும் செலவு எல்லாம் சேர்த்து எழுபத்தெட்டாயிரம் ஆனது. நேர்மையாகச் சொன்னால் முதல் பத்து நாள் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. புகைப்படங்கள் பளிச்சென்று வந்தன. தரகர்களின் தொலைபேசி அழைப்புகளும் கூடின. பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது.

முதலாவது, கட்டில். கீழே உள்ள படுக்கையறை 10 அடிக்கு 11 அடி. அதில் அவர்கள் போட்டது நாலு அடி அகலக் கட்டில். அறை விசாலமாகத் தெரிந்தது. கவுண்டம்பாளையத்தில் இருந்து வந்த ஒரு தம்பதிக்கு அந்த அறை மிகவும் பிடித்திருந்தது. இரண்டாவது தடவை வரும்போது அந்த அம்மாள் கைப்பையில் அளவு நாடா கொண்டு வந்தார். அவர்கள் வீட்டுக் கட்டில் 6 அடிக்கு 6½ அடி. தெற்கே தலை வைக்கும்படி போட்டால் பக்கவாட்டில் மிச்சம் 4 அடி, கால்மாட்டில் 4½ அடி. அந்தக் கால்மாட்டுச் சுவரில் 2 அடி ஆழத்துக்கு பீரோவை வைத்தால் நடக்க இரண்டரை அடி இருக்கும். அது தாராளமாகப் போதும். ஆனால் அவர் கணக்கைச் சொல்லவில்லை. "சின்னக் கட்டிலாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் எல்லாவற்றையுமே அளந்தார்கள். கதவை, படியை, கழுவும் தொட்டியை. ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை தோன்றிவிட்டால் அளவு நாடாவை மடக்கிப் பைக்குள் வைக்க வைப்பது கடினம்.

இரண்டாவது, தரை விரிப்பு. கூடத்தில் ஒரு பெரிய கம்பளம். ஒரு தரைக்கல்லில் முடி போன்ற விரிசல் இருந்தது, மூன்று அங்குலம் இருக்கும். அதை மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கம்பளம் அங்கே அழகாக இருந்தது, அவ்வளவுதான். கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து மகனுக்காக வீடு பார்க்க வந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் கைத்தடியால் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். விரிசல் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொன்னேன், தலையாட்டினார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. வெளியே தெரிகிற மூன்றடி விரிசலுக்கு அவர் பத்தாயிரம் குறைத்திருப்பார். கம்பளத்துக்கு அடியில் இருந்த மூன்று அங்குலத்துக்கு அவர் வீட்டையே விட்டுவிட்டார்.

மூன்றாவது, தண்ணீர். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. மாடி ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், தென்மேற்கு மூலையில், மின்சாரத்தில் ஓடுகிற பொம்மை நீரூற்று ஒன்றை வைத்திருந்தார்கள். கன்னி மூலையில் தண்ணீர் கூடாது என்பது நம் ஊரில் வாஸ்து நம்பாதவர்களுக்கும் தெரியும். ஒரு குடும்பம் வாசலைத் தாண்டியதும் அந்தச் சலசலப்பைக் கேட்டு நின்றுவிட்டது. பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடும் என்று காட்டினேன். அவர்கள் ஐந்து நிமிடத்தில் கிளம்பினார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு தரகர் தொலைபேசியில் கேட்டார்: "வடவள்ளியில் கன்னி மூலையில் தண்ணீர் இருக்கிற வீடு என்கிறார்களே, அது உங்களுடையதுங்களா?"

கிழக்குப் பார்த்த வாசல், அக்னி மூலையில் அடுப்பு, ஈசானத்தில் கிணற்றடித் தொட்டி என்று அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. அறுநூறு ரூபாய்ப் பொம்மைக்கு அந்தப் பெயர் கிடைத்தது. சாமானை எங்கே வைப்பது என்பது படத்தின் அழகு மட்டும் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயமல்ல, நம் பக்கத்தில் நிச்சயமாக அல்ல. கட்டிலுக்கு எதிரே கண்ணாடி, வாசலுக்கு நேரே பீரோவின் முதுகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியம்மாவின் கருத்து இருக்கும். வீட்டில் இல்லாத தோஷத்தைச் சாமான் கொண்டுவந்துவிடும்.

நாலாவது, வாசனை. குளியலறைகளில் அடித்திருந்த வாசனைத் தெளிப்பான் சாக்கடையில் ஏதோ கோளாறு என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பியது. மேஸ்திரி ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நேராகக் கழிவுத்தொட்டி மூடியைத்தான் பார்க்கப் போனார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு நேரம். ஒரு குடும்பம் வந்தால் இருபது நிமிடம் இருக்கும். பிள்ளைகள் ஊஞ்சலில் ஏறுவார்கள், அம்மா படம் எடுப்பார், அப்பா இது தேக்கா என்று கேட்பார், "சோபாவும் சேர்த்துத்தானா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இல்லை என்று நான் சொல்லும்போது, தரவேண்டிய எதையோ தர மறுத்தவன் போல ஆகிவிடுவேன். மீதி நேரத்தில் சிறுவாணிக் குடிநீர்க் குழாயை யார் திறந்து பார்ப்பது? அலங்காரம் வீட்டில் இருந்து கண்ணைத் திருப்பிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அக்கா கேட்டாள். வந்தவர்கள் கேட்கிற முதல் மூன்று கேள்விகளை எழுதி வைத்துப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, மும்முனை மின்சாரமா, பக்கத்துக் காலி இடம் யாருடையது என்று கேட்டால் அவர்கள் வீட்டைப் பார்க்கிறார்கள். எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டால் அவர்கள் ஒரு சாமான் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2 என்று தமிழ்நாட்டில் வாங்குகிறவர் விலைக்கு மேல் 9 விழுக்காடு கட்டுகிறார். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு அது 7 லட்சத்து 20 ஆயிரம். இதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர் பிளாஸ்டிக் எலுமிச்சம்பழத்தைப் பார்த்து மனம் இளகி ஒரு லட்சம் கூட்டித் தருவார் என்று நாங்கள் எப்படி நம்பினோமோ தெரியவில்லை.

குடியிருந்தபடியே காட்டுவது

அலங்காரத்துக்கு முன்பு, மாசி மாதம், அம்மாவின் சாமான்களோடு அப்படியே காட்டியிருந்தோம். அம்மா அப்போதுதான் அக்காவோடு திருப்பூர் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். இரண்டு இரும்பு பீரோ, அட்டாலி முழுக்கப் பித்தளைப் பாத்திரம், பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், விறகு, கூடத்தில் மாலையும் சிவப்பு விளக்கும் போட்ட அப்பா படம்.

சாமானின் நெரிசல் அவ்வளவு பாதிக்கவில்லை, மரியாதைதான் பாதித்தது. வந்தவர்கள் அப்பா படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தார். எப்படிப் போனார், எத்தனை வயது என்று விசாரித்தார்கள். அம்மாவின் ஊர் காங்கேயம் பக்கம் என்று தெரிந்ததும் சொந்தம் தேட ஆரம்பித்தார்கள். காபி குடித்த வீட்டில் சுவரைத் தட்டிப் பார்க்கவோ குளியலறைக் கதவைத் திறக்கவோ யாருக்கும் கை வருவதில்லை. "நல்ல வீடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நன்றாகப் பார்க்காத வீட்டுக்கு யார் விலை சொல்வார்கள்? அலங்காரத்தால் கவனம் சிதறுவது பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான்: குடியிருக்கும் வீடும் கவனத்தைச் சிதறடிக்கும், வேறு விதமாக.

ஆனால் சாமி அறையை மட்டும் கடைசிவரை கலைக்கவில்லை. வெளிநாட்டு ஆலோசனைகளில் சொந்த அடையாளம் எல்லாவற்றையும் எடு என்பார்கள். இங்கே விளக்கு எரிகிற சாமி அறை இருந்தால் வீடு நன்றாக இருந்த வீடு என்று பொருள். "ஏன் விற்கிறார்கள்?" என்பதுதான் ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கும் கேள்வி, அதற்கு ஓர் எரியும் விளக்கு பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது.

வீட்டில் இன்னும் ஆள் இருந்தாக வேண்டும் என்றால், பார்க்க வரும் அரை மணி நேரம் பெரியவர்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காபியைப் பிறகு கொடுக்கலாம்.

காலி வீடு

வைகாசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காலியாகக் காட்டினோம். கோபிப் பெரியவர் மாதிரி ஆட்களுக்கு இதுதான் வேண்டும். மூலைமட்டம் சரியா, ஓதம் ஏறியிருக்கிறதா, ஜன்னல் மரம் அரித்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. திரை இல்லாததால் மலை திரும்ப வந்தது. குறுக்கே காற்று ஓடுவதும் தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றைக் கோவையில் வீடு வைத்திருப்பவன் விற்பனைப் பொருளாகவே கருதலாம். அது உச்சத்தில் வீசுகிற ஆடியில் நம் ஆட்கள் வீடு முடிக்க மாட்டார்கள் என்பது தனிக் கொடுமை.

குறைகளும் உண்டு. காலி அறை அதன் உண்மை அளவைவிடச் சிறியதாகத் தெரியும். ஒப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் கண்ணுக்கு அளவு பிடிபடுவதில்லை. அதே 10-க்கு 11 அறையைப் பார்த்து "இங்கே கட்டில் போட்டால் நடக்க முடியுமா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். பேச்சு எதிரொலிக்கும். ஆணி பிடுங்கிய துளைகள் அம்மை வடுபோல் தெரியும். ஆள் இல்லாத வீடு என்றால் விற்பவருக்கு அவசரம் என்று எடுத்துக்கொண்டு விலையை அடித்துக் கேட்பார்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று நாற்றம். புழங்காத குளியலறையில் தரை வடிகாலுக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் (நானி டிராப்) நிற்க வேண்டிய தண்ணீர் கோடையில் வற்றிவிடும். அதுதான் சாக்கடை வாயுவைத் தடுத்துக்கொண்டிருந்தது. தடுப்பு போனதும் வீடு முழுக்க நாறும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், வாசனைத் தெளிப்பான் தேவையே இல்லை. குழாய்களையும் திறந்துவிட வேண்டும். பல நாள் மூடிக்கிடந்த குழாயில் முதலில் வரும் துருத் தண்ணீரை வந்தவர் முன்னால் திறந்து காட்டியது என் தவறு. சிறுவாணித் தண்ணீர் என்று அப்போதுதான் பெருமை பேசி முடித்திருந்தேன்.

நாலு சாமான்

ஆனி பிறந்ததும் எங்கள் பழைய சாமானில் இருந்தே சிலவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தோம். கேள்வி வந்த இடத்தில் மட்டும் ஒரு பொருள் வைப்பது என்று முடிவு செய்தோம். படுக்கையறையில் கட்டில் போடலாமா என்று கேட்டார்கள். 6 அடிக்கு 6½ அடி முழு அளவுக் கட்டிலையே போட்டோம், விரிப்பு இல்லாமல். அதன்மேல் ஓர் அளவு நாடாவையும் வைத்தோம். சாப்பாட்டு மேசை எங்கே என்று கேட்டார்கள். சமையல்கட்டுக்கு வெளியே நாலு நாற்காலியோடு மேசை. ஒரு பீரோ, அது எப்போதும் நின்ற கன்னி மூலையில். மேற்கு ஜன்னலுக்குக் கீழே அப்பாவின் பழைய மர பெஞ்சு.

நாலிலும் நன்றாக உழைத்தது அந்த பெஞ்சுதான். அழகு என்று எதுவும் இல்லை, யாரும் விலை கேட்கவில்லை. ஆனால் வந்தவர்கள் களைப்பாற அதில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே மலை.

அலங்காரத்துக்குச் செலவான பணத்தில் பாதிக்கும் குறைவாகச் சில வேலைகள் செய்தோம். வாசல் கதவுக்கு வார்னிஷ், இரண்டு ஒழுகும் குழாய்களுக்கு மாற்று, வடக்குச் சுவரில் ஓதம் பட்ட இடத்தைச் சுரண்டிப் பூச்சு. விரிசல் விட்ட தரைக்கல்லை அப்படியே விட்டோம். ஒரு தாளில் வீட்டின் குறைகளை எழுதிச் சமையல்கட்டு மேடையில் வைத்தேன்: தரைக்கல் ஒன்றில் விரிசல், வடக்குக் குளியலறைச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம், மொட்டை மாடித் தட்டோடு 2016-இல் மாற்றியது. மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. "நாமே நம் வீட்டைக் குறை சொல்வதா?" என்றார். சட்டமே அதைத்தான் சொல்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சோபாவுக்குப் பின்னால் ஓதத்தை ஒளிக்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு "சேர்த்துத்தானா?" என்ற கேள்விக்கும் உதவும். வீட்டை விற்றால் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், அதோடு நிலையாகப் பயன்படுவதற்கென்று அமைத்த பொருள்கள் எல்லாம் சேர்ந்தே போகும், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால். கட்டிலும் மேசையும் அதில் வராது. மின்விசிறி, சுவரில் பொருத்திய அலமாரி, தண்ணீர் சூடாக்கி போன்றவற்றில்தான் சண்டை வரும். எது இருக்கும், எது போகும் என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

கணினியில் சாமானை ஒட்டிப் போட்ட படங்கள் இப்போது நிறைய வருகின்றன. செலவு குறைவு. படத்தின் மேலேயே அப்படிச் சொல்லிவிட்டால் குற்றமில்லை. சொல்லாமல் போட்டால் வாசலில் கால் வைக்கும்போதே வந்தவர் முகம் விழுந்துவிடும், அதற்குமேல் நீங்கள் என்ன காட்டினாலும் ஏறாது.

எந்த வீட்டுக்கு எது

எல்லா வீட்டுக்கும் நாலு சாமான் வழிதான் என்று சொல்ல மாட்டேன். கோபி, தாராபுரம் பக்கத்தில் நடுவே திறந்த முற்றம் வைத்துக் கட்டிய பழைய தொட்டிக்கட்டு வீடுகளுக்கு அதுகூட வேண்டாம். ஆசாரத்தை, அதாவது கூடத்தை, பெருக்கி, திண்ணையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்தால் முடிந்தது. அந்த மாதிரி வீட்டில் பழம்பொருள் கடையில் இருந்து உரலும் மரப்பெட்டியும் கொண்டுவந்து அடுக்கினால் அது விடுதி போல் ஆகிவிடும். வருகிறவர்களும் படப்பிடிப்புக்கு விடலாமே என்றுதான் பேசுவார்கள். உத்திரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

சரவணம்பட்டி பக்கத்துப் புதிய அடுக்குமாடிகள் நேர் எதிர். கட்டுநரே மாதிரி வீடு ஒன்றை அலங்கரித்து வைத்திருப்பார். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாதிரி வீட்டில் உட்கதவுகளும் துணி அலமாரியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த விசாலம் பாதி பொய். அதே அமைப்பில் சாமான் இல்லாத வீடு ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி தரைவிரிப்புப் பரப்பு, அதாவது சுவருக்குள் புழங்கும் இடம், எவ்வளவு என்று சொல்லித்தான் விற்க வேண்டும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.

இருபது முப்பது வருடம் ஆன தனி வீட்டுக்கு எங்கள் ஆனி மாத வழியே போதும் என்பது என் எண்ணம். ஆனி கடைசி வாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முன்பணம் கொடுத்தார். ஆடி கழிந்து ஆவணியில் பதிவு. மேற்கு ஜன்னலுக்கு மேலே இருந்த திருகாணித் துளைகளைப் பார்த்துவிட்டு, "இதற்கா திரை போட்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். அவருக்கு முழுக் கதையையும் சொல்லவில்லை.

அக்காவின் திருப்பூர் வீட்டுக்கு வருகிறேன். இரண்டாவது மாடி, குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். கூடம் எழுத்து ட போல வளைந்து போகிறது. அந்த வளைவில் என்ன செய்வது என்று நேரில் பார்த்த எனக்கே பிடிபடவில்லை. நான்தான் அங்கே சாமான் வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். நீளமான கையில் ஒரு சோபா, குட்டைக் கையில் சாப்பாட்டு மேசை, அவ்வளவு. தை பிறந்ததும் காட்டப் போகிறாள். மேசை என்னுடையது வேண்டுமாம். வண்டி வாடகை அவளுடையது என்று சொல்லியிருக்கிறேன். ஊஞ்சல் பற்றிய பேச்சு வந்தால் மேசை கிடையாது.